கழுவிய பாறை

மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் எனக்கு ‘ஸ்பிரிட் அக்கா’ என்று பெயர். எங்காவது துளிக் கறை கண்டால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் என் கை சும்மா இருக்காது. அந்த வேலையை விட்டுவிட்டு நீர்நாய்களைப் பாதுகாக்கப் போகிறேன் என்றதும், என் வீட்டுக்காரர் “அதுங்களையும் துடைச்சு வச்சிடாத” என்றார். சிரிக்கட்டும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் வேலையே பெரிய வேலை. ஆற்று வளைவில் நீர்நாய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். இருந்தால் திட்டம் தொடரும், நானும் நிரந்தரம். இல்லையென்றால் திட்டத்தோடு நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். தண்ணீரோரப் பாறை ஒன்றைப் பார்த்தபடி, அசைவு தெரிந்தால் தானே படமெடுக்கும் கேமராவைக் கட்டினேன். பாறை மேல் மீன் செதிலும் முள்ளுமாக ஏதோ அப்பிக் கிடந்து நாறியது. படம் நன்றாக விழட்டும் என்று, பையிலிருந்த ஸ்பிரிட்டை ஊற்றிப் பளபளவென்று துடைத்துவிட்டேன்.

ஜீப்புக்குத் திரும்பி அதைப் பெருமையாக வேறு சொன்னேன். குழுத் தலைவி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“நீங்க துடைச்சது நீர்நாய் எச்சம். ‘இது என் இடம்’னு அது போட்டு வச்ச அடையாளம். நமக்கு இருந்த ஒரே சாட்சி.”

ஸ்பிரிட் பாட்டிலைப் பைக்குள் ஒளித்தேன். “மறுபடி வருமா மேடம்?”

“இந்த ஸ்பிரிட் வாடைக்கு வருமோ என்னமோ.”

அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு கிண்டலும் பண்ணவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கேமராவைக் கழற்றி வந்து அலுவலகத்தில் படங்களைப் பார்த்தோம். நாணல். நாணல். மறுபடி நாணல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தலைவி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

திரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு நீர்நாய், பாறையை முகர்ந்துகொண்டிருந்தது. எவளோ தன் வாசலைக் கழுவிவிட்ட கோபம் அதன் முகத்திலேயே தெரிந்தது. அடுத்த படத்தில் இன்னொன்று. அதற்கடுத்ததில் குட்டிகளோடு குடும்பமே வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நான் துடைத்த அதே இடத்தில் நின்றது.

துள்ளிக் குதித்தேன். உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“வந்திடுச்சுங்க, குடும்பத்தோட. பாறையெல்லாம் அசிங்கம் பண்ணி வச்சிருக்கு.”

“நல்ல சேதி. போய்த் துடைச்சிடாத தாயே.”

தலைவி சிரித்தபடி ஒரு பை நிறையக் குட்டி டப்பாக்களை நீட்டினார். “நாளைக்கு அவ்வளவையும் அள்ளிட்டு வாங்க. என்னென்ன தின்னுச்சுன்னு சோதிச்சுப் பார்க்கணும். இனி அது உங்க பொறுப்பு.”

வாழ்க்கையில் முதல்முறையாக அசிங்கத்தை அள்ள எனக்குக் கை பரபரத்தது.