ஒட்ட வெட்டிய தலை

முடியை நேராக்கும் மருந்து மறுபடியும் தலைத்தோலைப் பொசுக்கியபோது, ஃப்ரேமா நாற்காலியை விட்டு எழாமல் எல்லாவற்றையும் வெட்டிவிடச் சொன்னாள். அழகு நிலையப் பெண் நிஜமாகவா என்று கேட்டுவிட்டு வெட்டினாள். தோள்வரை தொங்கிய முடி தரைக்குப் போனது. தலையில் மிஞ்சியது விரல்நுனி உயரத்துக்குச் சுருள்முடி. ஃப்ரேமா தடவிப் பார்த்தாள். இது இனி இப்படியே வளரட்டும் என்று முடிவு செய்தாள்.

கானா நாட்டுக் குமாசி நகரத்தில் கல்யாணமான பெண் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டால் வீட்டில் சாவு என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். வலியில் மறந்துபோனாள். புருஷன் ஓபிரி வெங்காய லாரியோடு வடக்கே போயிருந்தான்.

மறுநாள் சந்தையில், பக்கத்துக் கடை மான்சா அவள் தலையைப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லாரிதானே? அந்த ரோட்டைப் பத்தி நான் அப்பவே நெனச்சேன்."

"அவருக்கு ஒண்ணுமில்லடி. நல்லாத்தான் இருக்காரு."

"இருப்பாரு. நல்ல எடத்துலதான் இருப்பாரு" என்று மான்சா அழுதாள்.

மதியத்துக்குள் ஃப்ரேமா குடியிருந்த வீட்டின் பொது முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. கறுப்புத் துணி கட்டிய பெண்கள் வந்தார்கள். யாரோ அடுப்பு மூட்டி வாழைக்காய் வேகவைத்தார்கள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று ஃப்ரேமா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பாவம், இன்னும் மனசு ஏற்கவில்லை என்றார்கள்.

ஓபிரியின் அக்கா பிராகோ கறுப்புத் துணி கட்டாமல் வந்தாள். கையில் ஒரு விக் இருந்தது.

"காலையிலதான் அவன் எனக்குப் போன் பண்ணான். சாயங்காலம் வந்துடுவான்" என்று முற்றத்துக்குச் சொன்னாள்.

"வரட்டும். கண்ணால பாத்துட்டுப் போறோம்" என்றார்கள் பெண்கள். யாரும் எழவில்லை.

பிராகோ விக்கை நீட்டினாள். "மாட்டு."

"புண்ணு மேல மாட்ட முடியாது அண்ணி."

"புண்ணு ஆறினப்புறம்?"

"அப்பவும் மாட்டறதா இல்ல."

"உயிரோட இருக்கிறவனுக்குத் துக்கம் காக்கிறியா? உன் கல்யாணப் போட்டோவை வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் காட்டுறான். என் பொண்டாட்டி முடியைப் பாருங்கன்னு. இந்தத் தலையோட நின்னா உன்னோட வாழுவான்னு நெனக்கிறியா?"

ஃப்ரேமாவும் காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்கும்போது ஓபிரி வந்தான். நாற்காலிகளைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான்.

"யாரு செத்தது?"

"நீதான்டா" என்றாள் பிராகோ.

"எப்படி?"

"லாரியில."

"தப்பு யாரு மேல?"

அதை யாரும் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஓபிரி மனைவியைப் பார்த்தான்.

"எனக்கு அந்த முடிதான் புடிச்சிருந்துச்சு" என்றான்.

"கேட்டியா?" என்றாள் பிராகோ.

ஃப்ரேமா அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கும்தான் புடிச்சிருந்துச்சு. ஆனா அது தலையைப் பொசுக்கிப் பொசுக்கி வாங்கினது. இனிமே பொசுக்க மாட்டேன். விக்கும் மாட்ட மாட்டேன். உங்களுக்குப் பாக்கப் பிடிக்கலேன்னா வேற பக்கம் பாத்துக்கங்க."

ஓபிரி வேறு பக்கம் பார்க்கவில்லை. அவள் பின்னால் போய் நின்றான். பிடரிக்கு மேலே தோல் உரிந்து சிவந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் தலையை அவன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கலைந்துவிடும் என்று அவள் தொடவிட்டதில்லை.

"ஒவ்வொரு தடவையும் இப்படியா?"

"பாதித் தடவை."

"சொல்லவே இல்லியே?"

"நீங்க அழகா இருக்குன்னு சொல்லிட்டிருந்தீங்க."

அவள் மடியில் புண்ணுக்குப் போடும் ஷியா கொட்டை வெண்ணெய்க் கிண்ணம் இருந்தது. அவன் ஒரு விரலில் எடுத்து, புண்ணைச் சுற்றித் தடவினான். சுருள்கள் விரலுக்கு அடியில் அழுந்தி, மறுபடி எழுந்தன. அவன் திரும்ப அழுத்திப் பார்த்தான்.

"கை வெங்காய நாத்தம் அடிக்குது" என்றாள் ஃப்ரேமா.

"செத்தவன் கை அப்படித்தான் இருக்கும்."

பிராகோ விக்கைப் பைக்குள் திணித்தாள். "அப்போ இப்படியேவா?"

"அது அவ தலை, அக்கா" என்றான் ஓபிரி.

அடுப்படியிலிருந்து மான்சா எட்டிப் பார்த்தாள். "அப்போ சமையலை நிறுத்திடவா?"

"எதுக்கு? எனக்குப் பசிக்குது."

ஃப்ரேமா தலையை இன்னும் தாழ்த்திக் கொடுத்தாள்.

"காது பக்கமும் எரியுது" என்றாள்.