நாற்பத்தேழாம் செடி பூத்த நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் ஏப்பத்தில் பிறந்தது. நெஞ்சுவலி என்று அலறி, தட்டைப்பயறு ஆராய்ச்சியாளரான என் மனைவியை நான்கு நாள் மருத்துவமனையில் உட்காரவைத்தேன். கடைசியில் வெறும் வாயு!

கிளம்பும்போது அவளுடைய நாற்பத்தேழாம் செடிக்கு இருபத்தொன்பது நாள். மொட்டு விட்டிருந்தது. திரும்பியபோது வாடிய பூவும் பிஞ்சின் நுனியும்தான் இருந்தன. நோட்டில் ‘முதல் பூ’ என்ற கட்டம் காலி.

2

பனி மூடிய வயலில் ஒரு பெண் தனியாக...

(வேண்டாம். “பனியா? அங்க வேர்த்து ஊத்துதுங்க” என்பாள்.)

விஷயம் இதுதான். சீக்கிரம் விளையும் ரகத்தையும் தாமத ரகத்தையும் அவள் கலந்தாள். அவற்றின் பேரப்பிள்ளைகளில் (நாற்பத்தேழும் அதில் ஒன்று) சில, சீக்கிர ரகத்தைப் போலவே முப்பத்திரண்டாம் நாள் பூக்கும். அதில் அதிசயமில்லை. முப்பதில் பூத்தால்தான் கதையே வேறு: தாமத ரகத்துக்குள்ளும் அவசர மரபணு ஒன்று ஒளிந்திருந்தது என்று அர்த்தம். அப்போது அடுத்த பருவத்துக்கு ஆராய்ச்சி நிலையத்தில் நிலம் தருவார்கள். இல்லையென்றால் நாளையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

3

“ஆஸ்பத்திரியில சேர்ந்த மறுநாள் ஊசி மயக்கத்துல பார்த்தேன். கட்டில் பக்கத்துலயே செடி நின்னுது. ஊதாப் பூ, மெதுவா விரிஞ்சுது. முப்பதுன்னு போடு.”

“கனவுல பூத்ததையா? இது என்ன உங்க கதையா?”

“விதைச்சா உண்மை தெரிஞ்சிடப்போகுது.”

“அதுக்கு நிலத்தைப் பொய் சொல்லி வாங்கணுமா?” குரல் உடைந்தது. “ஆறு வருஷங்க...”

முகம் கழுவப் போனாள். நோட்டு மேசைமேல் திறந்தே கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை.

(இந்த இடத்தில் கதைசொல்லியை நான் நம்பவில்லை. மனைவியின் நோட்டை எவனாவது தொடுவானா? தொட்டான், பாவி.)

4

முடிவுகள் கைவசம் உள்ளன. கட்டத்தை அவள் காலியாகவே விட்டாள், நிலம் போனது. அல்லது முப்பது என்று போட்டு நிலம் வாங்கினாள், நாற்பத்தேழின் வாரிசுகள் அத்தனையும் முப்பத்திரண்டில் பூத்தன. அல்லது அத்தனையும் முப்பதில் பூத்தன, அவள் மட்டும் என்னோடு பேசவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. முப்பது என்று பேனாவில் எழுதித் தொலைத்திருக்கிறேன், அழியாது. அடித்தாலும் தெரியும். அவளுக்கு என் கையெழுத்து தெரியும்.

வாசகரே, உங்களைத்தான். கதவு திறக்கிறது. என்னால் முடியாது, நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.