‘மற்றவை’ என்ற வரி

அன்பரசி வேலை பார்த்த தொழில்நுட்ப நிறுவனம் மிகப் பெரியது. தன் தொழிலை எத்தனை பிரிவுகளாக நடத்துகிறது, எதில் லாபம், எதில் நட்டம் என்று காலாண்டுக்கு ஒருமுறை அது பங்குதாரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிரிவுக் கணக்கைத் தயாரிக்கும் குழுவில் அவளும் ஒருத்தி. கோல சிலாங்கூரில் வீட்டிலிருந்தே வேலை. வாரத்தில் ஒரு நாள் கோலாலம்பூர் அலுவலகத்தில் தலையைக் காட்டினால் போதும்.

அவள் கணவன் குகனுக்கும் அதே நிறுவனம்தான். அவன் இருந்தது வேளாண்மைப் பிரிவில். சுங்கை பஞ்சாங் வயல்களுக்கும் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்கும் மேலே டிரோனைப் பறக்கவிட்டு, எந்த மூலையில் நோய் கண்டிருக்கிறது என்று படம் எடுத்துச் சொல்வான். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அதே தோட்டத்துக்குள் நிறுவனத்தின் வண்டியில் போய் இறங்கும்போது அவன் நடையே வேறாக இருக்கும். ஆண்டறிக்கையில் கிளவுட், மென்பொருள், சாதனங்கள் என்ற பெரிய பிரிவுகளுக்குக் கீழே வேளாண்மையும் தனிப் பிரிவாக நிற்பதை ஒருமுறை அன்பரசி காட்டினாள். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தான்.

நிறுவனத்துக்குப் புதிய தலைமை அதிகாரி வந்தார். தலைமை அதிகாரி எதைத் தனியாகப் பார்த்து முடிவெடுக்கிறாரோ, அதைத்தான் தனிப் பிரிவாகக் காட்ட வேண்டும் என்பது விதி. வேளாண்மையின் வருமானம் மொத்தத்தில் ஒரு தூசு. பழையவருக்கு அதன்மேல் ஆசை இருந்ததால் இத்தனை நாள் பிழைத்துக்கொண்டிருந்தது. புதியவர் அதன் கணக்கைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

மேலாளர் நஸ்ரின் அன்பரசியைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள். வேளாண்மையை இனி ‘மற்றவை’ என்ற வரியில் சேர்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குழம்பாமலிருக்க, முந்தைய ஆண்டுகளின் கணக்கையும் அப்படியே மாற்றி எழுத வேண்டும்.

“அறிக்கை வெளியாகுற வரைக்கும் வீட்டுல மூச்சு விடாதே அன்பு. தெரிஞ்சா என் வேலையும் போயிடும், உன் வேலையும் போயிடும்,” என்றாள்.

அந்த வரிக்குள் போன பிரிவுகள் எதுவும் திரும்பி வந்து அன்பரசி பார்த்ததில்லை. கொஞ்ச காலம் கண்ணில் படாமல் கிடக்கும், பிறகு மூடிவிடுவார்கள்.

அந்த வாரமே செகிஞ்சான் அரிசி ஆலையின் முதலாளியான தவுக்கே குகனைக் கூப்பிட்டுப் பேசினார். ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, சம்பளமும் கிட்டத்தட்ட அதேதான். குகனுக்கு மனசில்லை. இருந்தாலும் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டான்.

“எடுத்துக்குங்க,” என்றாள் அன்பரசி.

அவன் சிரித்தான். “ஏன்லா? நம்ம பிரிவு ரிப்போர்ட்டுல தனியா வருது. நீதானே காட்டின.”

ஆலை வீட்டுக்குப் பக்கம், அலைச்சல் இல்லை என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். மறுநாளும் அதே பேச்சை எடுத்தபோது அவன் முகம் சுருங்கியது. தன் வேலைமேல் அவளுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டான். அதற்குமேல் அவளால் வற்புறுத்த முடியவில்லை. தவுக்கேயிடம் குகன் வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

அறிக்கை வெளியான சில வாரங்களில் வேளாண்மைப் பிரிவை மூடப்போவதாக அறிவித்தார்கள். குகன் நேராகச் செகிஞ்சானுக்கு ஓடினான். அங்கே வேறொருவர் வேலையில் சேர்ந்திருந்தார். திரும்பி வந்தவன் ஃபோனில் அறிக்கையைத் திறந்து பிரிவுக் கணக்குப் பக்கத்தைத் தேடிப் படித்தான். சென்ற ஆண்டின் பத்தியிலும் வேளாண்மை என்ற பெயர் இல்லை.

“உனக்கு எப்போ தெரியும்?”

“தவுக்கே கூப்பிட்டப்பவே.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா.”

“வெளிய சொல்லக்கூடாதுங்க.”

“நான் வெளியாளா?”

அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து குளிக்கப் போனான்.

இப்போது குகன் சுங்கை புரோங்கில் கூலிக்கு டிரோனில் மருந்து தெளிக்கிறான். அழைத்தால்தான் வேலை, மழை பெய்தால் அதுவும் இல்லை. வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. அவளுடைய அலுவலகத்தைப் பற்றி அவன் எதுவும் கேட்பதில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று அன்பரசிக்குப் பலமுறை தோன்றிவிட்டது. ஆனால் வீட்டில் நிலையான சம்பளம் அவளுடையது மட்டும்தான்.

அடுத்த காலாண்டில் வேளாண்மையை மூடிய செலவின் கணக்கு அவளிடமே வந்தது. ஆட்களுக்குக் கொடுத்த இழப்பீடும் அதில் அடக்கம். குகனுக்குக் கொடுத்ததும் அதற்குள் எங்கோ இருந்தது. தனியாகக் காட்டத் தேவையில்லை என்று நஸ்ரின் சொல்லியிருந்தாள். அன்பரசி மொத்தத்தையும் ‘மற்றவை’யில் சேர்த்தாள். கூட்டல் சரியாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.