என்னை ஐம்பது ஐம்பதாக வாங்கியவர்

அன்று என் விலை இருநூற்றுப் பதினான்கு ரூபாயில் தொடங்கியது. முந்தைய நாள் இருநூற்றுப் பத்தில் முடிந்திருந்தேன். இடையில் நான் தூங்க மட்டுமே செய்தேன். தூங்கியதற்கு யார் நான்கு ரூபாய் கூட்டிக் கொடுப்பார்கள்?

என் கணவர் இளவழகன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அவர் எதையும் கவிழ்த்து வைப்பவர் அல்ல.

"என்னங்க பாத்தீங்க?"

"வானிலை."

வெளியே வானிலை எதுவும் இல்லை.

பால் வாங்கப் போனேன். பால்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பத்து மணிக்குள்ள நாலாயிரம் பங்கு கை மாறியிருக்கேம்மா."

மற்ற நாட்களில் நான் முந்நூறைத் தாண்டமாட்டேன். மீதிச் சில்லறையை வாங்காமல் கிளம்பினேன்.

பங்குத் தரகர் அலுவலகம் திருச்சி கண்டோன்மென்ட்டில் இருந்தது. நடைவழி நான் நடக்க நடக்க நீண்டது. வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் என்றார் காவலாளி. முக்கால் மணி நேரத்தில் வரவேற்பு மேசையை அடைந்தேன். அங்கே ஜெபமணி என்ற பெண் ஊழியர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பங்குதாரரா?"

"இல்ல. பங்கு."

"பங்குக்கெல்லாம் உள்ள அனுமதி இல்லையே."

"என் விலையப் படிக்கத் தெரியல மேடம்."

அதற்கு ஒரு படிவம் இருந்தது. 'நான் இருக்கிறேன்' என்று எழுதி இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஜெபமணி திரையை என் பக்கம் திருப்பினார். காந்திமதி என்ற என் பெயரைக் 'காமதி' என்று சுருக்கியிருந்தார்கள்.

"இது இன்னைக்கு உச்சம். இது தாழ்வு. இது வாங்க நிக்கிறவங்க தர்றேங்கிற விலை. பக்கத்துல, விக்கிறவங்க கேக்குற விலை. ரெண்டும் ஒட்டுற எடத்துல நீங்க கை மாறுவீங்க."

"இந்த நூத்தி நாலு?"

"ஐம்பத்திரண்டு வாரத்துல உங்க ஆகக் குறைஞ்ச விலை. ஜூன் பதினொண்ணு."

அன்று நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் அழுதிருந்தேன். கதவு தாழிட்டிருந்தது. சந்தைக்கு எப்படித் தெரிந்தது?

"இருபத்தெட்டுன்னு போட்டிருக்கே?"

"நீங்க சம்பாதிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் இருபத்தெட்டு ரூபா தரத் தயாரா இருக்காங்க."

"அது அதிகமா?"

"பக்கத்து வீட்டம்மாவோட ஒப்பிட்டாத்தான் தெரியும்."

"டிவிடெண்ட் காலியா இருக்கு."

ஜெபமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "போன தீபாவளிக்கு லாபத்துல பங்குதாரர்களுக்குக் குடுத்திருக்கீங்க. அப்புறம் எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கிட்டீங்க."

"என்னை வாங்குறது யாரு?"

"ஒரே ஆளு. ஐம்பது ஐம்பதா வாங்குறாரு, விலை எகிறிடக் கூடாதுன்னு. நாப்பத்தெட்டு சதவீதம் வந்துட்டாரு."

"பாதியத் தாண்டினா?"

"அப்புறம் உங்க விஷயத்துல அவரு சொல்றதுதான்."

வீட்டுக்கு விரைந்தேன். இளவழகன் வேலைக்குப் போயிருக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நீங்கதானே வாங்குறீங்க?"

"இல்ல. நான் வித்துட்டேன்."

"எப்ப?"

"ஜூன்ல. இன்னும் இறங்கும்னு தோணுச்சு." கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "குழாய்ச் சத்தம் கேட்டுச்சு," என்றார்.

அவருக்குக் கேட்டிருந்தது. கதவைத் தட்டுவதற்குப் பதில் விற்றிருக்கிறார். சாப்பிட்டாரா என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்குச் சந்தை மூடியது. ஜெபமணி கூப்பிட்டு, "ஐம்பத்தொண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். பத்து நிமிடத்தில் அழைப்புமணி அடித்தது.

வந்தவர்தான் என்னை வாங்கியவர், பொன்னம்பலநாதன். கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். செருப்பை வெளியிலேயே கழற்றினார். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்னை என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்மா. வச்சிருப்பேன்."

"எதுக்கு வாங்குனீங்க?"

"தினமும் உங்க விலையப் படிக்கிறேன். கொறச்சுப் போட்டிருக்காங்கன்னு பட்டுச்சு."

இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதனால் நான் நம்பவில்லை.

"எனக்கு ஒண்ணு குடுங்க. என்னோட ஒரு பங்கு."

"என்ன விலை தருவீங்க?"

என் விலையை நான் சொல்லிப் பழக்கமில்லை. "தொள்ளாயிரம்," என்றேன்.

அவர் மறுத்துத் தலையாட்டினார். "நீங்களே அவ்வளவு தர்றீங்கன்னா நான் விக்கக் கூடாது."

இளவழகன் அறையிலிருந்து வந்தார். "தொள்ளாயிரமா? ஐயா, எனக்கு நூறு பங்கு குடுங்க."

"சந்தை மூடியாச்சே தம்பி."

"நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

"அது முறை இல்ல."

இருவரும் சோபாவில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை சந்தை திறக்கும்வரை எழுந்திருப்பதாக இல்லை என்றார்கள். இளவழகன் என்னிடம் காபி கேட்டார்.

நான் வெளியே வந்து கதவைப் பூட்டினேன். சத்திரம் பேருந்து நிலையத்தில், முதலில் கிளம்பும் வண்டி எது என்று விசாரித்தேன். மணப்பாறை என்றார்கள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.