எறும்பு கொடுத்த சான்றிதழ்

என் வீட்டுக்காரர் ஒரு பசைக் கம்பெனியில் தரப் பரிசோதகர். அதாவது, ஒட்டாத பசையை ஒட்டும் என்று கையெழுத்துப் போடுகிறவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் கையெழுத்தைத் தயங்காமல் போடுவார்.

கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அட்டை வீடு கட்டும் போட்டி வைத்தார்கள். வீட்டிலேயே கட்டி எடுத்து வரலாம், ஆனால் கம்பெனி பசையில்தான் ஒட்ட வேண்டுமாம். "பரிசோதகர் வீடே விழுந்துச்சுன்னா என்னை வேலையில வச்சிருப்பாங்களா?" என்றார் இவர். மகள் டியூப் டியூபாகப் பிதுக்கி ஒட்டினாள். சுவர் நின்றது. கூரையை வைத்ததும் கால் நீட்டிப் படுத்துவிட்டது. அவள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறினேன். பளபளப்புக்குக் கொஞ்சம் சர்க்கரையும் போட்டேன். இவர் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"யாருக்காவது தெரிஞ்சா என் மானம் போயிடும்டி."

"வீடு விழுந்தா மட்டும் மானம் இருக்குமா? இந்தக் கரண்டியைப் பிடிங்க, அடிப்பிடிக்குது."

பிடித்துக் கிண்டினார். பசை விஷயத்தில் அவர் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

விழாவில் மற்ற வீடுகளெல்லாம் சாய்ந்து கிடக்க, எங்கள் வீடு மட்டும் ஜம்மென்று நின்றது. பசை வாங்க வந்த கடைக்காரர்களோடு மேனேஜர் மேசைப் பக்கம் வந்தார். அப்போதுதான் கவனித்தேன். மேசைக் காலில் ஏறிய எறும்புக் கூட்டம், வேறு எந்த வீட்டையும் திரும்பிப் பார்க்காமல், நேராக எங்கள் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது பல்லெல்லாம் தெரிந்தது.

"பாத்தீங்களா, எறும்பே சாப்பிடுது! நம்ம பசையில துளி விஷம் கிடையாது. குழந்தைங்க வாயில வச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"நிஜமாவா?" என்றார் ஒரு கடைக்காரர்.

"இவர்தான் எங்க தரப் பரிசோதகர். இவரே சாப்பிட்டுக் காட்டுவார்" என்று மேனேஜர் சட்டைப் பையிலிருந்து டியூபை எடுத்து நீட்டினார்.

அது அசல் கம்பெனி பசை. அதில் என்னென்ன கலக்கிறார்கள் என்று அந்த அரங்கில் நன்றாகத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மேனேஜரைப் பார்த்தார். விரலில் பிதுக்கி நக்கினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா... இருக்கு சார்."

எல்லோரும் கைதட்டினார்கள். விவரம் தெரியாத மகளும் தட்டினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வீடு வரும்வரை துப்பிக்கொண்டே வந்தார்.

"நாக்குல இன்னும் ஒட்டிட்டிருக்குதாங்க?"

"எங்க ஒட்டுச்சு? கசப்புதான் போகல."

மறுநாளே வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இனிமேல் அவர் பரிசோதனைக் கூடத்துக்கு வர வேண்டாமாம். கடை கடையாகப் போய் நக்கிக் காட்டினால் போதுமாம்.