காலையில் மட்டும் மங்கல்

பழைய பிக்சர் டியூப் டிவி என்றால், பின்மூடியைக் கழற்றும் முன்பே பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவேன். இருபது வருடமாக இதே வேலை. திமிர் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் பஸ் டிரைவர் அண்ணன் விஷயத்தில் நான் அடித்த கூத்தை நினைத்தால் எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

காலைச் செய்தி பார்க்கும்போது எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது என்று அவர் மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எனக்கு ஒரு பழக்கம். கடையைத் திறந்ததும் மேசையில் இருக்கிற பெட்டிகளை எல்லாம் சுவிட்சைப் போட்டு ஓடவிட்டு, பெருக்கி, துடைத்து, டீ குடித்த பிறகுதான் படம் பார்க்க உட்காருவேன். இரண்டு நாள் அப்படிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

“டிவியில ஒண்ணுமில்ல தம்பி. அப்பாவோட கண்ணைக் காட்டுங்க” என்று வாய் கூசாமல் சொல்லிப் பெட்டியோடு அனுப்பிவிட்டேன். அவர் மனைவியும் ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொன்னாராம். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் சொன்னால் வீடு நம்பாதா?

பத்து நாள் கழித்து டிரைவர் அண்ணனே கடைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“தங்கச்சி, நாளைக்கு டிப்போல எழுதிக் குடுத்துடப் போறேன். இனிமே ஸ்டியரிங்கைத் தொடல.”

“ஏண்ணே, டாக்டர் அப்படியா சொன்னாரு?”

“டாக்டர்கிட்ட எங்க போனேன்? அவர் வாயால வேற கேக்கணுமா? கண்ணு சரியில்லாதவன் அம்பது உசிரை ஏத்திக்கிட்டுப் போகலாமா?”

“ரோடு எப்படித் தெரியுது?”

“ரோடு நல்லாத்தான் தெரியுது. அதான் பயமே. டிவிகூட நான் குளிச்சிட்டு வந்தா தெளிவாயிடுது. எப்போ கண்ணு காலை வாரும்னே தெரியல.”

கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தேன். “குளிச்சிட்டு வந்தா தெளிவாயிடுதா? இதை ஏண்ணே முதல்லயே சொல்லல?”

“நீ கேக்கலியேம்மா.”

சுருக்கென்றது. உண்மைதான், நான் கேட்கவில்லை. டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் சாக்கெட்டில் ஈரம் ஏறினால், பெட்டி சூடாகி அது காயும்வரை படம் கலங்கும். நான் டீ குடித்து முடிப்பதற்குள் அது காய்ந்து தொலைத்திருக்கிறது!

“உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. காலைல நான் வர்ற வரைக்கும் டிவியை யாரும் தொடக்கூடாது. எழுதிக் குடுக்கிறதெல்லாம் அப்புறம்” என்று விரட்டாத குறையாக அனுப்பினேன்.

காலை ஆறு மணிக்குப் போனேன். குளியலறைச் சுவரை ஒட்டி டிவி. சுவரில் கை வைத்தால் பிசுபிசு என்றிருந்தது. டிரைவர் அண்ணன், அவர் மனைவி அக்கா, மகன் மூவரையும் உட்காரவைத்து சுவிட்சைப் போட்டேன். செய்தி வாசிப்பவரின் மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் என்றும் தூங்கிக்கொண்டிருக்கும் மகன் துள்ளி எழுந்தான். “ஐயோ அப்பா, நிஜமாவே மங்கலாத்தான் இருக்கு!”

“எங்கடா மங்கல்?” என்றார் அக்கா. “எனக்கு நல்லாத்தானே தெரியுது. சும்மா அப்பாவுக்குத் தாளம் போடாதே.”

பிடித்த பிடியை விடாத மனுஷி என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். சாக்கெட்டின் ஒரு ஓட்டையில் பச்சையாகக் களிம்பு. பழையதைப் பிடுங்கிப் புதியது வைத்து, வயர்களைப் பற்றவைக்க முக்கால் மணி நேரமானது. அதற்குள் பெட்டி நன்றாக ஆறிவிட்டது. மறுபடி சுவிட்சைப் போட்டேன். வந்த படம், வந்த நொடியே பளிச்சென்று இருந்தது.

“பாத்தியா!” டிரைவர் அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். “இப்ப சொல்லு, எப்படி இருக்கு?”

“அப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு” என்றார் அக்கா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அக்கா, கீழ ஓடுதே, அதைப் படிங்க பார்ப்போம்!”

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “எதை? அந்தப் பூ பார்டரையா?”

ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிறவர், அரிசியில் ஒரு கல் விடாதவர். கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததால், நாலடி தள்ளி எதுவுமே தெரியவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை.

“அது எழுத்தா?” என்றார் அக்கா, குரல் இறங்கிப்போய். “எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு இருந்தேன். நான் சொன்னதை நம்பியா நீங்க வேலையை விடப் பாத்தீங்க?”

அவர் கண் கலங்கிவிட்டது. டிரைவர் அண்ணன் அதைப் பார்க்காதவர்போல் மகனிடம், “டிப்போவுக்குப் போன் போடு. இன்னிக்கு லீவுன்னு சொல்லு. உங்கம்மாவைக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “ஏங்க, அப்போ அந்தக் கோடியில உக்காந்துக்கிட்டு என் மூஞ்சி உங்களுக்குத் தெளிவாவா தெரியுது?”

“எல்லாச் சுருக்கமும் தெரியுது. கிளம்பு.”