பேரம் படிந்த டாக்டர்

முதலாளியின் உயிருக்குப் பதினெட்டாயிரம் என்று விலை சொன்னார்கள். முதலாளி என்பது எங்கள் நாய். பெயிண்ட் கடையில் கல்லாவுக்கு அடியில் பத்து வருடமாகப் படுத்துக்கொண்டு, வருகிறவர்களை ஒரு கண்ணால் எடைபோடுவதால் அந்தப் பெயர். உண்மையான முதலாளி நான்தான் என்பதை வேலையாட்களே அவ்வப்போது மறந்துவிடுவார்கள்.

அது பெயிண்ட் அடிக்கிற ரோலரின் பஞ்சைப் பிய்த்து விழுங்கிவிட்டது. மூன்று நாளாக வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. பஞ்சு குடலை அடைத்திருக்கிறது, இன்றே வயிற்றைத் திறந்து எடுக்காவிட்டால் பிழைக்காது என்றார் முதலில் பார்த்த டாக்டரம்மா. பதினெட்டில் ஒரு காசு குறையாதாம். ரொக்கம் என்றேன், இரண்டு தெரு தள்ளித்தான் கடை என்றேன், உரிந்திருந்த சுவரைக் காட்டி பெயிண்ட்கூட அடித்துத் தருகிறேன் என்றேன். அவர் அடுத்த பூனையைக் கூப்பிட்டார்.

சொன்ன விலைக்கு வாங்கினால் எங்கள் அப்பா செத்த பிறகும் கோபித்துக்கொள்வார். மச்சான் சொன்ன இன்னொரு டாக்டரிடம் நானும் மனைவியும் போனோம். டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. ஆறு நாற்காலி, ஆறும் காலி. தரையில் ஒரு முடி இல்லை, உள்ளே ஒரு குரைப்பு இல்லை. சுவர் ஆணியில் ஏழெட்டுக் கழுத்துப் பட்டைகள் மட்டும் தொங்கின. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரும் பதினெட்டில்தான் ஆரம்பித்தார். நான் ஒன்பது என்றேன், பதின்மூன்றில் வந்து நிற்கலாம் என்ற எண்ணத்தில். அவர் சிரித்தார்.

"சரி, ஒன்பதே குடுங்க."

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு முதலாளியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

பாதியாக இறக்கிய பெருமையை நான் மனைவியிடம் அளந்துகொண்டிருந்தேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் கலர் கலக்குவதெல்லாம் அவள்தான்.

"ஏங்க, நம்ம கடையில ஒருத்தர் பாதி விலைக்குக் கேட்டா எப்படிக் கட்டுப்படி ஆக்குவோம்?"

 பெயிண்ட் டின்னில் தின்னரை ஊற்றி நீர்க்க வைப்போம். பார்க்க அதே நிறம்தான். ஒரு மழைக்குத் தாங்காது.

எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். டாக்டர் பாதிதான் திறந்தார், கையில் ரப்பர் உறை. மீதி ஒன்பதையும் தந்துவிடுகிறேன், எதையும் குறைக்க வேண்டாம் என்றேன். அவர் பொறுமையாகவே விளக்கினார். ரத்தப் பரிசோதனை மயக்க ஊசிக்கு முன்னால் செய்வதாம். பக்கத்தில் நின்று மூச்சைக் கவனிக்கிற பெண்ணை இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதாம்.

"ஊசி போட்டாச்சுங்க. இப்பப் பணத்தை வாங்கி நான் எதுல சேக்கறது?"

ஒரு மணி நேரம் கழித்து, எடுத்த பஞ்சைக் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார். அரை மணியில் கண் விழிக்கும் என்றார். இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. முதலாளி மேசைமேல் கிடக்கிறது. மனைவி அதன் விலாவில் கை வைத்து மூச்சை எண்ணுகிறாள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே அவள் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. நான் நீட்டிய மீதி ஒன்பதாயிரம் மேசை ஓரத்தில் அப்படியே இருக்கிறது.

டாக்டர் பில்லை என் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார். முத்து முத்தான எழுத்து. அறுவை சிகிச்சை ஏழாயிரம். மயக்க ஊசி ஆயிரத்து ஐந்நூறு. தையல் ஐந்நூறு. ரத்தப் பரிசோதனைக்கு நேராக ஒரு கோடு. கவனிக்கிற ஆளுக்கு நேராக ஒரு கோடு. மொத்தம் ஒன்பதாயிரம், வரவு ஒன்பதாயிரம், பாக்கி இல்லை.